நூற்றுக்கு நூறு பொருத்தம்

பெயரில் தெய்வம், ஜாதகத்தில் ராட்சசம். தெய்வநாயகிக்கு இருபத்தாறு வயது முடிவதற்குள் நாலு மாப்பிள்ளை வீட்டார் வந்து கேசரியைத் தின்றுவிட்டு, பெண் ராட்சச கணம், பையன் தேவ கணம், பொருந்தாது என்று எழுந்து போய்விட்டார்கள். ராட்சச கணத்துப் பெண் புருஷனை அடக்கி ஆளுவாளாம். என்னமோ மற்ற வீடுகளில் எல்லாம் புருஷன்மார்கள் ஆண்டு கிழித்துக்கொண்டிருப்பது போல.

ஒவ்வொரு முறையும் அவள் அப்பா ஜெகநாதன் வாசல்வரை போய்க் கும்பிட்டு அவர்களை வழியனுப்புவார். திரும்பி வந்து தறியில் உட்காருவார். அவள் மறுபக்கம் உட்கார்ந்து, புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போடுவாள். அப்பா குனிந்தபடி நெய்வதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்காது. மாப்பிள்ளைகள் போனதில் ஒரு வருத்தமும் இல்லை.

ஐந்தாவதாக 1984 தை மாதத்தில் வந்தான் அருணகிரி. ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தான். ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை, கொண்டுவர வேண்டாம் என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தான். பெண்ணின் அம்மா கமலம் அன்றைக்கே படவேட்டு அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டாள். தெய்வநாயகிக்கும் மனசு கொஞ்சம் இளகியது. பார்ப்பதற்கும் பையன் நன்றாகத்தான் இருந்தான்.

காபி டம்ளரைக் கீழே வைத்ததும் அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். மெட்ராசில் கம்பெனி செலவில் ஒரு மாதம் பயிற்சி எடுத்தானாம். மனிதர்களில் நாலே வகைதானாம்: முன்னோடி, துணைவர், சிந்தனையாளர், கலகலப்புக்காரர். எந்த வகைக்கு எந்த வகை ஒத்துப்போகும் என்பதற்கு விஞ்ஞானக் கணக்கு உண்டாம். கொஞ்சம் கேள்விகள், அவ்வளவுதான், பயப்பட வேண்டாம் என்று சிரித்தான்.

கூட்டத்தில் இருக்கப் பிடிக்குமா, தனியாக இருக்கப் பிடிக்குமா என்பது முதல் கேள்வி. தெய்வநாயகி வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசுகிற வழக்கம் எங்கே இருக்கிறது? கூட்டமே ஆகாது, வீடு உண்டு, தறி உண்டு என்றார். அருணகிரியும் தலையாட்டிக்கொண்டு அதையே குறித்துக்கொண்டான். ஜாதகம் வேண்டாம் என்ற முற்போக்குக்காரனுக்கு அது தவறாகவே தோன்றவில்லை.

கோபம் வந்தால்? உள்ளேயே வைத்துக்கொள்ளும் என்றார். யாராவது ஏமாற்றினால்? போகட்டும் என்று விட்டுவிடும் என்றார். முடிவு எடுப்பது? வீட்டில் கேட்காமல் ஒரு துண்டுகூட எடுக்காது என்றார்.

தெய்வநாயகிக்குத் திக்கென்றது. தேர்த் திருவிழாவில் முண்டியடித்து வடம் பிடிப்பவள் அவள். கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குபவர் அப்பா. ரேஷன் கடையில் வரிசையை விட்டுக்கொடுத்துவிட்டுக் காலி கெரசின் டின்னோடு வருபவர் அவர். அம்மாவைக் கேட்காமல் தனக்கு ஒரு துண்டு வாங்கிக்கொள்ளாதவரும் அவரே. மனுஷன் பொய் சொல்லவில்லை. நல்ல பெண் எப்படி இருப்பாள் என்று யோசித்தவருக்குத் தன்னைத் தவிர வேறு யாரும் அகப்படவில்லை.

அருணகிரி கூட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. பெண் துணைவர் வகை, தான் முன்னோடி, இதைவிடப் பொருத்தம் அமையாது, நூற்றுக்கு நூறு என்றான். அவன் அம்மா ரேணுகாம்பாள் பங்குனியில் தேதி பார்க்கலாம் என்றாள். அப்பாவின் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாள் கும்பிட்டு அனுப்பிய கை, இன்றுதான் நிம்மதியாக மடியில் கிடந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம். திறந்தால் அப்பா மறுபடியும் வாசல்வரை போக வேண்டும். இருந்தாலும், இன்னொருவர் குணத்தைப் போர்த்திக்கொண்டு ஆயுசுக்கும் எப்படிக் குடித்தனம் செய்வது?

"எங்கப்பா சொன்னது ஒண்ணும் பொய் இல்லீங்க. ஆனா அது அத்தனையும் அவரோட குணம். உங்களுக்கு நூத்துக்கு நூறு பொருந்தறவரு அவருதான். இட்டுகினு போங்க. என்னைக் கட்டிக்கணும்னா என்னைக் கேளுங்க."

கமலம் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் அருணகிரி, பாவம், ஒழுங்கானவன். தாளைத் திருப்பி முதலிலிருந்து கேட்டான். அவள் பளிச்சென்று பதில் சொன்னாள். கூட்டம் பிடிக்கும். கோபம் வந்தால் அங்கேயே கேட்பேன். ஏமாற்றினால் விடமாட்டேன். முடிவை நானே எடுப்பேன். அவன் கூட்டினான், மறுபடியும் கூட்டினான், பேனாவை மூடினான். அவளும் முன்னோடியாம். இரண்டு முன்னோடிகள் ஒரே வீட்டில் ஒத்துவராதாம். பயிற்சியில் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

"ஜோசியரு ராட்சசின்னாரு, நீங்க முன்னோடின்றீங்க. பேரைத்தான் மாத்தி வச்சிருக்கீங்க. இதுக்குப் போயி மெட்ராஸ்ல ஒரு மாசம் தங்கணுமா?"

அவனுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. ரேணுகாம்பாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர்கள் படியிறங்கினார்கள். இந்த முறை அப்பா வாசல்வரை போகவில்லை.

கமலம் அடுப்படியில் அழ ஆரம்பித்தாள். தெய்வநாயகி நேராகத் தறிக்குப் போய் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து, நாடாவை எடுத்தாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அப்பா வந்து பக்கத்தில் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தாள். மனுஷனுக்குத் திட்டவும் தெரியாதே.

"நான் அப்படியாம்மா இருக்கறேன்?" என்றார்.

அவள் நாடாவை ஓட்டினாள். அப்பா மூலையிலிருந்த கெரசின் டின்னை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார்.

ரேஷன் கடை தெருக்கோடியில்தான் இருந்தது. சற்று நேரத்தில் அங்கே கூச்சல் கேட்டது. அதற்கு நடுவில் ஓர் ஆண் குரல் தனியாக எழும்பியது. "என் வரிசை இது. எனக்கு ஊத்திட்டு அப்புறம் அவனுக்கு ஊத்து."

தெய்வநாயகி நாடாவை நிறுத்தினாள். அடுப்படியில் அம்மாவின் அழுகையும் நின்றது. பழக்கமில்லாத தொண்டை, பாதியில் ஒருமுறை கம்மியது. ஆனாலும் அப்பா விடவில்லை, இன்னும் உரக்கக் கேட்டார்.