வெறுந்தூளி

மத்தியானம் டேவிட்சன் கொண்டுவந்து, "நீ மொதல்ல படி" என்று போட்டுவிட்டுப் போன புத்தகத்தை லோயிஸ் முன்னும் பின்னும் புரட்டிவிட்டாள். அவன் பேரே இல்லை. நன்றியுரையில் ஜெனரேட்டர் கம்பெனிக்குக்கூட இடமிருக்கிறது, ஆம்புலன்ஸ் ஓட்டிய மனுஷனுக்கு இல்லை.

தெற்கு சூடான் அகதி முகாமில் டாக்டர் குணசேகரனுக்கு மூன்று வருஷம் வண்டி ஓட்டியவன் அவள் புருஷன். இப்போது திருத்தணி மலைக்கு ஆட்டோ ஓட்டுகிறான். "என் புஸ்தகத்துல உன்னைப் பத்தி எழுதியிருக்கேன்" என்று டாக்டர் போனில் சொன்னாராம். அன்றிலிருந்து ஸ்டாண்டு முழுக்க அதே பேச்சு. நாளை ஆராதனை முடிந்ததும் அந்தப் பக்கத்தை டேவிட்சனே வாசிப்பான் என்று பாஸ்டர் வேறு அறிவித்துவிட்டார். மானம் போகப்போகிறது!

டேவிட்சன் ஓயாமல் சொல்லும் அந்தச் சம்பவம் புத்தகத்தில் இருக்கத்தான் செய்தது. தாய் செத்துப்போன கைக்குழந்தைக்குக் கூடாரக் கம்பியில் லுங்கியால் தூளி கட்டிய கதை. கட்டியது "நான்" என்று எழுதியிருந்தார் டாக்டர். லோயிஸுக்குப் பகீரென்றது. அவன் ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பொதட்டூர்பேட்டை லுங்கியைப் பெட்டியில் மடித்து வைத்தவளே அவள்தான். இத்தனை வருஷமாக, தான் கட்டியதாகவல்லவா இவன் சொல்லிக்கொண்டிருந்தான்? யார் விட்ட புளுகு இது? படித்த டாக்டர் பொய் எழுதுவாரா? இவனோ ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிறவன்.

"வெறுந்தூளியை ஆட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தையைக் கிடத்தினேன்" என்ற வரியில் அவள் கண் நின்றது. வெறுந்தூளியையா? அது பிள்ளைக்கு ஆகாது என்று திருத்தணிப் பக்கம் வேதக்காரர் வீட்டிலும் பதறுவார்களே!

சாயங்காலம் டேவிட்சன் வந்ததும் கேட்டாள். "ஏங்க, அந்தத் தூளி தாங்குமான்னு எப்பிடிப் பாத்தீங்க?"

"தண்ணி கேனை உள்ள வெச்சு ஆட்டிப் பாத்தேன். வெறுந்தூளிய எவனாவது ஆட்டுவானா? இன்னாத்துக்கு இப்ப?"

பாவி டாக்டர்! தூளி கட்டியவனுக்குத்தானே தண்ணி கேன் தெரியும். புருஷனைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"ஒண்ணுமில்ல. படிக்கிறேன், கேளுங்க."

டாக்டர் "நான்" என்று எழுதிய இடத்திலெல்லாம் "டேவிட்சன்" என்று போட்டுப் படித்தாள். தண்ணி கேனையும் சேர்த்துக்கொண்டாள். குரல் தடுமாறாமல் பார்த்துக்கொண்டாள்.

அவன் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"நல்லா படிக்கிற," என்றான். "உங்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே நான் ஸ்டாண்டுல படிச்சிட்டேன்."

லோயிஸ் புத்தகத்தை மூடினாள்.

"நாளைக்குச் சபையில நீயே படி லோயிஸ்," என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல். "இப்ப படிச்ச மாதிரியே படி."