விருந்தினர் பிரிவில் முதலிடம்

நாற்பத்தொரு வயதில் பனிச்சறுக்குப் பந்தயத்தில் இறங்கப்போவதாக பிரோஷ்கா சொன்னபோது, அதிகமாகச் சிரித்தவள் அவளுடைய நாத்தனார் நோட்புர்காதான். ஊரே அவளை பூர்கி என்று கூப்பிடும்.

“உங்க ஹங்கேரியில மலைன்னா என்ன? குப்பைமேடுதானே? அதுலயா சறுக்கிப் பழகினே?”

“குப்பைமேட்டுல வேகமா இறங்கினாத்தான் நாத்தம் தெரியாது, பூர்கி,” என்றாள் பிரோஷ்கா. மேசையில் இருந்தவர்கள் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை பூர்கி சிரிக்கவில்லை.

ஒரே ஒரு குளிர்காலம் ஓட்டலில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் பிரோஷ்கா ஓபர்ஷ்வெண்டு மலைக்கிராமத்துக்கு வந்தாள். பனிச்சரிவைச் சீர்செய்யும் வண்டி ஓட்டுகிற வெண்டலினைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். ஊர்ப்பேச்சு பழகியாயிற்று. ஊர்க்காரர்கள் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போய் நின்றாயிற்று. இருந்தும், கடையில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால், “யாரு, வெண்டலினோட ஹங்கேரிக்காரியா?” என்றுதான் கேட்டார்கள்.

ஊர் விடுதியின் கூடத்தில் ஒரு பெரிய மரப்பலகை உண்டு. வருஷா வருஷம் சறுக்குச் சங்கம் நடத்தும் போட்டியில் சங்க உறுப்பினர்களில் ஜெயிக்கும் ஓர் ஆண், ஒரு பெண் பெயரை அதில் செதுக்குவார்கள். பெண்கள் பக்கம் ஏழு வருஷமாக பூர்கியின் பெயர்தான். அந்தப் பலகையில் தன் பெயர் ஒரு தடவை ஏறிவிட்டால் போதும், அப்புறம் யாரும் ஹங்கேரிக்காரி என்று சொல்ல முடியாது என்று பிரோஷ்கா நினைத்தாள். வெளியில் சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்று வெண்டலினிடம் மட்டும் சொன்னாள்.

“பலகைதானே? ஏத்திடுவோம்,” என்றான் அவன்.

ஓட்டலில் மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே அவளுக்கு மூன்று மணி நேரம் ஓய்வு. செவ்வாயும் வியாழனும் சங்கத்துப் பிள்ளைகள் பயிற்சி எடுக்க நட்டுவைத்த கம்பங்கள் சரிவில் அப்படியே இருக்கும். பிள்ளைகள் கிளம்பியதும் இவள் இறங்குவாள். முதல் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு கம்பத்தையும் தாண்டிப் போன பிறகுதான் திரும்பினாள். கம்பத்துக்குப் பக்கத்தில் போய்த் திரும்பினால் நேரம் போச்சு, மேலேயே திரும்ப ஆரம்பித்துவிட வேண்டும் என்பது உடம்புக்குப் புரிய இரண்டாவது குளிர்காலம் ஆயிற்று. கம்பம் அடித்து அடித்துத் தோளும் முழங்கைக்குக் கீழேயும் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போயின. பழைய சாமான் சந்தையில் ஒரு பந்தய உடை வாங்கினாள். அதற்குள் நுழைய பத்து நிமிஷம், வெளியே வர இருபது.

“உறை கிழியாம பாத்துக்கோ, சாசேஜ் வெளிய வந்துடும்!” என்று இழுவைக்கயிற்றில் மேலே போகிறவர்கள் கத்துவார்கள்.

சமையல் மேசை மேல் அவளுடைய சறுக்குப் பலகைகளைப் படுக்கவைத்து வெண்டலின் விளிம்பைத் தீட்டிக் கொடுப்பான், இஸ்திரிப்பெட்டியால் மெழுகு தடவிக் கொடுப்பான். மூன்றாவது வருஷம் ஜனவரியில், பயிற்சியின்போது யாரோ விளையாட்டாகக் கடிகாரம் பிடித்தார்கள். பூர்கியை விட பிரோஷ்கா அரை நொடி முன்னால் வந்திருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது வெண்டலின் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தான்.

“பூர்கி என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலே. கடிகாரம் ரிப்பேர்னா.”

அவன் மறுபடி அரத்தை எடுத்தான். அதற்குப் பிறகு விடுதிக் கூடத்துப் பலகையைப் பற்றி அவனாக ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் எல்லோருடைய பந்தயப் பதிவுத்தாளையும் வழக்கம்போல அவனே நிரப்பி, அவனே சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பந்தய நாள். பிரோஷ்காவுக்கு அறுபத்தொன்றாம் எண். பூர்கிக்குப் பதினான்கு.

“ஏன் இவ்வளவு கடைசியில?”

“புதுசா ஓடுறவங்க கடைசியிலதான்,” என்றான் வெண்டலின், அவள் காலணிக் கொக்கியை இறுக்கியபடி. நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் முறை வந்தபோது தடம் ஆற்றுப்படுகைபோல் குழிந்து கிடந்தது. அறுபது பேர் அறுத்துவிட்டுப் போன பள்ளங்கள். அவளுக்கு முன்னால் நின்ற, விடுமுறைக்கு வந்த ஹானோவர்காரர் ஒருவர், “விழாம போய்ச் சேர்ந்தா அதுவே பரிசு,” என்று சிரித்துவிட்டு இறங்கி, ஐந்தாவது கம்பத்தில் உட்கார்ந்தார்.

பிரோஷ்கா விழவில்லை. மூன்றாவது கம்பத்தில் சறுக்குப் பலகை உதறி, முழங்கால் கன்னத்தில் இடித்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. செங்குத்தான இடத்தில், பயந்தவர்கள் எல்லோரும் மிதித்துவிட்டுப் போன பள்ளத்தை விட்டு ஒரு அடி மேலே கோடு பிடித்தாள். அடுத்த கம்பங்கள் தானாக அவள் தோளுக்கு வந்தன.

நாற்பத்தெட்டு நொடி, முப்பத்தொன்று.

“இன்னிக்குப் பொம்பளைங்கள்ல இந்த வேகத்துல யாரும் வரலே!” என்று சங்கத் தலைவர் இக்னாஸ் ஒலிபெருக்கியில் கத்தினார். பூர்கியின் நேரம் நாற்பத்தெட்டு, தொண்ணூற்றுநாலு. பனியில் உட்கார்ந்து பிரோஷ்கா அழுதாள். அது நல்ல அழுகை. ஒரு மணி நேரம்தான் நிலைத்தது.

கூடத்தில் மூன்று மணிக்குப் பரிசளிப்பு. எல்லோரும் சூப்பில் மிதந்த உருண்டையைக் கரண்டியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இக்னாஸ் தாளைப் பார்த்து வாசித்தார்.

“விருந்தினர் பிரிவு, பெண்கள். முதலிடம்... பிரோஷ்கா.”

அவள் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் முதல் வார்த்தை காதில் ஏறியது.

“வாழ்த்துகள். எங்க ஊரு உங்களுக்குப் பிடிச்சிருக்கும்னு நம்புறோம். அடுத்த வருஷமும் நீங்க கட்டாயம் வரணும்.” விருந்தினர் பிரிவுக்கென்று அச்சடித்து வைத்திருந்த வாசகம் அது. வாசித்துப் பழகிய வாய் நிற்காமல் வாசித்துவிட்டது. அந்த மலையில் யாரும் யாரையும் ‘நீங்க’ என்பதில்லை. பாதிரியாரே ‘நீ’தான், பள்ளிக்கூட வாத்தியாரும் ‘நீ’தான். வாடகை கொடுத்து ஒரு வாரம் தங்கிப் போகிறவர்கள் மட்டுமே ‘நீங்க’. பதினேழு வருஷத்தில் இக்னாஸ் அவளை ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.

“இக்னாஸ், தப்பா எழுதியிருக்கே. நான் சங்கத்துல இருக்கேன். சங்கத்தோட குடும்ப அட்டையில என் பேரு இருக்கு.”

அவர் கூச்சத்தோடு பதிவுத்தாளைக் காட்டினார். “நாங்க எழுதலே பிரோஷ்கா. பாரு.”

இரண்டு கட்டங்கள். உறுப்பினர், விருந்தினர். விருந்தினர் கட்டத்தில் பேனாவை அழுத்திப் போட்ட, வால் நீண்ட டிக். வீட்டில் நாள்காட்டியில் அவள் தினமும் பார்க்கிற டிக். பரிசாக ஒரு கிலோ பன்றி இறைச்சித் துண்டத்தை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் மேசைக்குத் திரும்பினாள்.

“நீதானா?”

“இங்க வேணாம்,” என்றான் வெண்டலின்.

“நீதானா?”

“பூர்கிக்கு இது பத்தாவது வருஷம். அவளுக்கு வேற என்ன இருக்கு, சொல்லு? புருஷன் போயாச்சு. உனக்கு வேகம்தானே வேணும்? நீதான் வேகம்னு ஊரே பாத்தாச்சே.”

“எனக்கு என்ன வேணும்னு உனக்குத் தெரியும். உன் ஒருத்தன்கிட்டத்தான் சொன்னேன்.”

“நீ தெம்பானவ, தாங்கிக்குவே. அவ தாங்க மாட்டா. அவ எங்க வீட்டு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

“சொல்லி முடி,” என்றாள் பிரோஷ்கா.

பத்தாவது தடவையாக பூர்கியின் பெயரை வாசித்தார்கள். கூடம் அதிரக் கைதட்டினார்கள். தெரிந்தே தட்டினார்கள். கோப்பையோடு இறங்கிய பூர்கி, இவள் பக்கம் கண்ணைத் திருப்பாமலே, “பிரோஷ்கா, உள்ள தட்டு மலையா குவிஞ்சு கிடக்கு, வா,” என்றாள். பரிசளிப்பு முடிந்ததும் சங்கத்துப் பெண்கள் சேர்ந்து பாத்திரம் கழுவுவது வழக்கம்.

“விருந்தாளிங்க பாத்திரம் தேய்க்க மாட்டாங்க, பூர்கி.”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“வேடிக்கை பண்ணாதே,” என்றான் வெண்டலின், பல்லுக்கிடையில்.

பிரோஷ்கா தன் கிளாஸை எடுத்துக்கொண்டு விருந்தினர் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். வெண்டலின் ஒரு நிமிஷம் அவள் முதுகைப் பார்த்தான். பிறகு பாத்திரம் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவின் பின்னால் சமையலறைக்குள் போனான்.

ஹானோவர்காரர் அவளுக்காக நாற்காலியை நகர்த்தினார்.

“பிரமாதமா இறங்கினீங்க! எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?”

“பதினேழு வருஷமா.”

அவர் அதை நகைச்சுவை என்று நினைத்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

“நாங்க சனிக்கிழமை கிளம்புறோம். நீங்க?”

சமையலறையிலிருந்து தட்டுகள் உரசும் சத்தமும், பூர்கி ஏதோ சொல்ல வெண்டலின் சிரிப்பதும் கேட்டது.

“இன்னும் முடிவு பண்ணலே,” என்றாள் பிரோஷ்கா. “சனிக்கிழமை எத்தனை மணிக்கு?”