இரு பாதியும் ஒரே மங்கல்

எங்கள் ஆய்வகத்தில் அண்ணனுக்குக் கண்கொத்திப் பாம்பு என்று பட்டப்பெயர். கூடப் பிறந்த எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. நோயாளிகளுக்கு ஏற்றும் குளுக்கோஸ் பாட்டில் தயாரிக்கிற ஆலை எங்களுடையது. எந்தக் கரைசலும் அவர் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும்.

வேலை இதுதான். ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளியைக் கரைசல் நிரம்பிய குழாய்க்குள் விடுவோம். குளுக்கோஸ் அந்தத் தளத்தை வலப்பக்கமாகத் திருப்பிவிடும். திருப்பம் கூடினால் குளுக்கோஸ் கூடுதல், குறைந்தால் குறைவு. எட்டிப் பார்த்தால் ஒரு வட்டம் இரண்டு பாதியாகத் தெரியும். சக்கரத்தைத் திருகி, இரு பாதியும் ஒரே மங்கலாகிற இடத்தில் நிறுத்த வேண்டும். சக்கரம் எத்தனை டிகிரி திரும்பியது என்பதுதான் அளவு; வட்டத்தைப் பார்க்கிறவர் அதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மனசு கையை இழுத்துவிடும். அண்ணன் வலது கண்ணை வைத்து "சரி" என்பார், நான் அளவை வாசித்து எழுதுவேன்.

பத்தரை டிகிரி வர வேண்டிய கரைசலுக்கு ஒருநாள் ஒன்பது வந்தது. மறுபடி பார்த்தார், பன்னிரண்டு.

"எவ்ளோ?"

"பத்தரை," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பாத்தியா! படிக்கட்டுல தடுக்கி விழுந்ததுக்கு உங்க அண்ணி, கண்ணு மங்கிப்போச்சாங்கிறா. நீயே வந்து சொல்லு அவகிட்ட."

போய்ச் சொன்னேன். அண்ணி வாங்கி வைத்திருந்த கண் ஆஸ்பத்திரி டோக்கன் குப்பைக்குப் போனது.

பார்வை குறைந்தால் அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். இருபது வருஷம் ராஜாவாக இருந்தவர் பசை தடவுவதா? எனக்குப் பொறுக்கவில்லை. அவர் டீ குடிக்கப் போனதும் நானே பார்த்து உண்மையான அளவை நோட்டில் எழுதுவேன். மருந்தில் ஒரு சொட்டுப் பிழை போகவில்லை. அந்தத் தைரியத்தில் எட்டு மாதம் கூசாமல் பொய் சொன்னேன்.

போன வாரம் வலப்பக்கமாக வந்த தள்ளுவண்டி மீது நேராகப் போய் மோதினார். அண்ணி பிடிவாதமாக டாக்டரிடம் இழுத்துப் போனாள். நானும் போனேன்.

டாக்டர் அவர் இடது கண்ணை மூடிவிட்டு விரல்களைக் காட்டினார்.

"எத்தனை?"

"காட்டுங்க டாக்டர், சொல்றேன்," என்றார் அண்ணன்.

அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டதாம். வலது கண் இனித் திரும்பாது. இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டதாம்.

"ஆறேழு மாசம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே. மங்கலா தெரிஞ்சும் ஏன் வரலை?"

"எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. சக்கரத்தை எங்க நிறுத்தினாலும் ரெண்டு பாதியும் ஒண்ணு போலவே தெரிஞ்சுது. ஆனா அளவு ஒருநாள்கூடத் தப்பலையே டாக்டர். அதை நம்பித்தான் இருந்தேன். வேணும்னா என் தங்கச்சியக் கேளுங்க."

டாக்டரும் அண்ணியும் என் பக்கம் திரும்பினார்கள்.

"சொல்லும்மா," என்றார் அண்ணன்.