அழிக்காத விலாசம்

டெல்சிக்குப் பாடம் படிப்பதென்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்க ஒரு காது வேண்டும். அந்தக் காது போன மாதம் பெங்களூருக்குப் போய்விட்டது. அறைத்தோழி சுப்ரியாவுக்கு அங்கே நல்ல வேலை கிடைத்ததில் டெல்சிக்குச் சந்தோஷம்தான். ஆனால் பாகலூர் சாலை அறையில் அவள் கட்டில் சும்மா கிடந்தது.

டெல்சி சிங்காரப்பேட்டைக்காரி. ஒசூர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் மூன்று வருடமாகக் கான்ட்ராக்டில் சர்க்யூட் போர்டு பொருத்துகிறாள். திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு. தேறினால் டெஸ்டிங் பிரிவில் நிரந்தர வேலை; இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். பிராசஸர் மெமரியை எப்படிக் கையாளுகிறது என்பது பாடம். ஞாயிறு முழுக்கக் காலிக் கட்டிலுக்கே அதை நடத்தினாள்.

"ஒவ்வொரு புரோகிராமும் மெமரி மொத்தமும் தனக்கேன்னு நெனச்சுக்கும். அது சொல்றது பொய் விலாசம். நெஜமான எடத்தப் பிராசஸர்தான் பட்டியலப் பார்த்துக் கண்டுபிடிக்கும். வெளங்குதா சுப்ரி?"

கட்டில் என்ன சொல்லும்? சுப்ரியா இருந்தால் "வெளங்கல, மறுபடி சொல்லு" என்று உயிரை வாங்குவாள். மறுபடி சொல்லும்போதுதான் டெல்சிக்கே பாதிப் பாடம் விளங்கும்.

மறுநாள் தேர்வு நடத்திய நவீன்குமார் சார் சுற்றி வளைக்கவில்லை.

"ஒவ்வொரு தடவையும் பெரிய பட்டியலைப் பார்த்தா லேட் ஆகுமே?"

"அதுக்குத்தான் சார் டிஎல்பி. அடிக்கடி போற எடத்த மட்டும் கைக்குறிப்பா வெச்சுக்கும்."

"சரி. டேட்டாவை வேற எடத்துக்கு மாத்தியாச்சு. குறிப்பை யாரும் அழிக்கல. அப்புறம்?"

படித்த வரி ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. கட்டில்தான் வந்தது.

"பிராசஸருக்குத் தெரியாதுங்க சார். குறிப்ப நம்பிப் பழைய எடத்துக்கே போய் நிக்கும். தப்புன்னு தோணவே தோணாது. அங்க யாரும் இல்லன்னு சொல்லி ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான் அந்தக் குறிப்ப அழிக்க வைக்கணும்."

"யாரும் இல்லையா?" சார் சிரித்துவிட்டார். "டேட்டா இல்லன்னு சொல்லும்மா. ஒண்ணாம் தேதி டெஸ்டிங்ல சேர்ந்துடு."

வெளியே வந்ததும் சுப்ரியாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஷிஃப்டில் இருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நல்ல சேதி என்றால் பஸ் நிறுத்தத்துப் பேக்கரியில் முட்டை பப்ஸ் தின்பது இருவருக்கும் வழக்கம். சுப்ரியா போனபிறகு டெல்சி அந்தப் படியை மிதிக்கவில்லை. இன்று மிதித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் இரண்டு பப்ஸைக் கட்டி நீட்டினார்.

"ஏன்மா, இன்னொரு பொண்ணு பரலில்லவா?" வரவில்லையா என்று கன்னடமும் தமிழும் கலந்து கேட்டார்.

அவள் போய்விட்டாள், ஒன்று போதும் என்று சொன்னால் தீர்ந்தது. பழைய குறிப்பை அழிக்க வேண்டும் என்று மத்தியானம் விளக்கி வேலை பெற்றவள்தான்.

"பின்னாடி வர்றா அண்ணா" என்று சொல்லிவிட்டு, இரண்டையும் வாங்கிக்கொண்டு நடந்தாள்.