கடைசியாக நுழைந்தவன்

வேலை போன மறுநாள் ஒரு பயலும் நம்மைத் தேட மாட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். வட்டக்கானலில் மச்சினன் நடத்தும் ஆம்லெட் கடையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எக்ஸ்ரே எடுக்கும் புவனா.

"அண்ணே, எக்ஸ்ரே மிஷின் என்னய உள்ள விட மாட்டேங்குது. ஒரு ஆளு மூச்சு விட முடியாமக் கெடக்காரு. வெரசா வாங்க."

"நான் அங்க வேல பாக்கலியே தாயி."

"அது மிஷினுக்குத் தெரியலையே. ஸ்கிரீன்ல ஒங்க பேருதான் நிக்கிது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அட்டுவம்பட்டி ஆஸ்பத்திரியில் நேற்றுவரை நான்தான் கம்ப்யூட்டர் ஆள். யார் உள்ளே நுழையலாம் என்று சொல்லும் சர்வரை நிர்வாகம் மதுரைக்குக் கொண்டுபோனது. என் வேலையும் கூடவே மலையிறங்கிவிட்டது. மழையில் கேபிள் அறுந்தால் மதுரையைக் கேட்க முடியாது, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பத்துப் பேர் பாஸ்வேர்டையாவது நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்று கெஞ்சியிருந்தேன். பாதுகாப்பு முக்கியம், ஒருவர் போதும் என்றார்கள். கடைசியாக நுழைந்த ஒருவர்.

நேற்று சாயங்காலம், போகிறவன் ஒழுங்காகப் போகலாமே என்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒருமுறை நுழைந்து சரிபார்த்துவிட்டுக் கிளம்பினேன். அந்த நல்ல மனசால் அவை மற்ற எல்லாரையும் மறந்துவிட்டன. அப்புறம் மதுரையில் என் பெயரை நீக்கினார்கள். அந்தச் செய்தி மலையேறுவதற்குள் மலைப்பாதையில் மரம் விழுந்து கேபிள் அறுந்தது.

பாஸ்வேர்டைப் போனிலேயே சொல்லிவிடலாமென்றால் லைன் கட்டாகி, மறுபடி கிடைக்கவே இல்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கினேன். மூச்சுக்குத் திணறிக்கொண்டு மலையன் என்பவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். காப்பித் தோட்டத்தில் நிழல்மரத்துக் கிளை வெட்ட ஏறி விழுந்தவர். ரோட்டில் மரம் கிடந்ததால் கீழே வத்தலக்குண்டுக்கும் கொண்டுபோக முடியவில்லை. அவர் மனைவி நதியா அவருடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விலா எலும்பு நுரையீரலைக் குத்திருக்கான்னு பாக்கணும். சீக்கிரம்" என்றார் டாக்டர் குமரகுரு.

பாஸ்வேர்டை அடித்தேன். இல்லாத ஆளுக்குக் கதவு திறந்தது.

புவனா படம் எடுத்தாள். குத்தித்தான் இருந்தது. நெஞ்சில் குழாய் போட அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில் நான் புவனா பெயரில் அந்த மிஷினுக்குள்ளேயே ஒரு கணக்கு தொடங்கினேன். மதுரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறக்கிற கணக்கு. அவள் ஒரு பாஸ்வேர்டு வைத்து நுழைந்து பார்த்தாள்.

"அண்ணே, வேல இல்லாதப்பதான் நல்லா வேல பாக்கீங்க."

மதியம், குழாய் சரியாக இருக்கிறதா பார்க்க மலையனை மறுபடி கொண்டுவந்தார்கள். மூச்சு இப்போது சீராக ஏறி இறங்கியது. புவனா புதிய கணக்கில் நுழையப் போனாள். அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது. நான் என் பாஸ்வேர்டை அடித்தேன். நானும் இல்லை.

கேபிளை ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. மதுரையிலிருந்து முதலில் வந்து சேர்ந்தது அவர்கள் பாதுகாப்பு விதிதான். அது தனக்குத் தெரியாத கணக்குகளை எல்லாம் துடைத்திருந்தது. புவனா தன் பழைய பாஸ்வேர்டை அடித்தாள், சமர்த்தாகத் திறந்தது. குழாய் சரியாகத்தான் இருந்தது.

வராந்தாவுக்கு வந்தேன். நதியா எழுந்து நின்றாள்.

"நீங்க எந்த டாக்டருங்க?"

"டாக்டரில்லம்மா. இங்க வேல பாத்தேன்."

"எப்பங்க?"

"மதியம் வரைக்கும்."

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் கும்பிட்டாள். நான் வெங்காய வாடை அடிக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

புவனா குடையோடு பின்னால் வந்தாள். மறுபடி தூற ஆரம்பித்திருந்தது.

"இன்னொருக்கா கேபிள் அறுந்தா என்னண்ணே செய்ய?"

"இப்பக் கடைசியா நுழைஞ்சது நீதான். ஒன்னய விடும்."

"என்னய மட்டுமா?"

"ஆமா."

அவள் மேலே மேகத்தைப் பார்த்தாள். "நாளைக்கு எக்ஸ்ரே ட்யூட்டிக்கு அஜய்ல்ல வர்றான்" என்றாள்.