ஏழு பெட்டியா, ஒரே பெட்டியா

1
இந்தக் கதை எனக்குக் கதை எழுதும் மாலை வகுப்பின் காபி இடைவேளையில் கிடைத்தது. பக்கத்து அறை மின்னணு வகுப்பிலிருந்து வந்த ஹில்லெவி, தானே செய்த ஆம்ப்ளிஃபையரை ஏலக்காய் பன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். முதல் வரியைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

தம்பெரே நகரில் ஒரு பதுங்கறை இருந்

(அடித்துவிட்டேன். போர் வந்தால் ஒளிய ஒரு பதுங்கறை, இங்கே பின்லாந்தில் எந்தக் கட்டடத்தில்தான் இல்லை?)

2
ஹில்லெவியின் கட்டடத்தில் பதுங்கறையைக் குடியிருப்பவர்களே சேர்ந்து திரையரங்காக்கினார்கள். ஒலிபெருக்கிகள் மாட்டியாயிற்று. மிச்சம் ஒரே முடிவு: ரிசீவரா, ப்ரீஆம்ப் பிராசசரா? ரிசீவர் வாங்கினால் ஒலியைப் பிரிப்பது, பெருக்குவது எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடக்கம். ப்ரீஆம்ப் பிராசசர் ஒலியைப் பிரித்துக் கொடுப்பதோடு சரி. முழங்கவைக்கத் தனி ஆம்ப்ளிஃபையர்கள் வேண்டும். ஹில்லெவியிடம் ஏழு இருந்தன, எல்லாம் அவள் கையால் பற்றவைத்தவை. ரிசீவர் வந்தால் அத்தனையும் பரணுக்குப் போகும்.*

* ரிசீவரோடும் தனி ஆம்ப்ளிஃபையரை இணைக்கலாமே என்பீர்கள். இணைக்கலாம். அதன் உள்ளேயே இருக்கும் ஆம்ப்ளிஃபையரைச் சும்மா போட்டுவைக்க யாரும் காசு கொடுக்கத் தயாரில்லை.

3
குடியிருப்போர் தலைவர் தைஸ்தோவை முதல் வரைவில் வில்லனாக்கினேன். அது சரியில்லை. அவர் கேட்டது நியாயம்: போர் அவசரம் என்றால் மூன்று நாளில் பதுங்கறையைக் காலி செய்யச் சொல்கிறது சட்டம்.

"ரிசீவர்னா ஒரு கையில தூக்கிட்டுப் போயிடுவேன். உன் பெட்டியெல்லாம் யாரு சுமக்கிறது, ஹில்லெவி?"

"இன்னொரு கையில காபியா?"

"பின்ன? காபிய விட்டுட்டா போவாங்க?"

4
அறையைக் காலி செய்து ஒத்திகை பார்ப்பதென்று முடிவாயிற்று. ஹில்லெவி யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. (எங்கள் ஊர்க் குணம். முதுகு ஒடிந்தாலும் கேட்கமாட்டோம்.) முதல் பெட்டியோடு அவள் படியேறியபோது, மாடிவீட்டு ஓர்வொக்கி இரண்டாவதைத் தூக்கினாள். பிறகு அடுத்த வீட்டுக்காரர். வீட்டுக்கு ஒன்றாக எல்லாம் மேலே வந்தன. கடைசிப் பெட்டி தைஸ்தோவிடம்.

"கனமாத்தான் இருக்கு," என்றார். கொஞ்சம் கழித்து, "நல்லாப் பண்ணியிருக்கே."

இங்கே யாரும் இதைவிடப் பெரிதாகப் புகழ்வதில்லை. பனி விழும் முற்றத்தில், வரிசையாக நின்றவர்கள் மார்போடு அணைத்திருந்த தன் வேலையைப் பார்த்தபடி, ஹில்லெவி நிமிர்ந்து நின்றாள்.

5
ஒரு முடிவில் ரிசீவர் ஜெயித்தது. கிழித்தேன். இன்னொன்றில் பிராசசர் வந்து எல்லோரும் கைதட்டினார்கள். அதையும் கிழித்தேன், இவர்கள் கைதட்டுகிறவர்கள் இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தைஸ்தோ அங்கேயே வாக்கெடுப்பு நடத்தினார்: "ரிசீவர் வேணும்கிறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. பெட்டியைப் பனியில் இறக்கிவைக்க யாருக்கும் மனம் வரவில்லை, அவருக்கும்தான்.

உங்கள் கை காலியாகத்தானே இருக்கிறது, ரிசீவருக்காகத் தூக்குவீர்களா?