ஐந்துக்கு ஐந்து

வீலென்று அலறியது நடைவண்டி. படகுத்துறைக்கு இறங்கும் சரிவுப் பலகையில் முன்சக்கரம் பட்டதுதான் தாமதம், விழுந்துவிடாமல் காக்கிறேன் என்று நான்கு சக்கரங்களும் தாமே பூட்டிக்கொண்டன. கைப்பிடியை இறுகப் பற்றியபடி அப்படியே நின்றார் சவேங்.

"ஊரையே கூட்டிட்டீங்களே மாமா!" நூடுல்ஸ் கடை புப்பா ஓடிவந்து அலறலை நிறுத்தும் பொத்தானை அமுக்கினாள். "போன வாரமும் இதே கூத்து. அக்கரையில பொண்ணு ஏதும் பாத்து வச்சிருக்கீங்களா?"

"ஆமா. எண்பத்திரண்டு வயசுப் பொண்ணு. மீசைகூட இருக்கு."

அக்கரையில் அண்ணன் பிரசெட் இருந்தார். ஆற்றைக் கடக்கப் படகில் நான்கே நிமிடம். ஆனால் சவேங்கின் இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடமாயிற்று. அண்ணன் படுத்த படுக்கை. காதும் போனதால் போனில் பேசிப் பயனில்லை. அவருடைய நீலச் சட்டை அக்கரைக் கொடியில் காய்கிறதா என்று தினமும் பார்ப்பார் சவேங். காய்ந்தால் நிம்மதி. நான்கு நாளாகச் சட்டையைக் காணோம்.

புப்பா அவரைக் கடை வாசலில் உட்காரவைத்த நேரத்தில் ஒராபின் வந்து சேர்ந்தாள். முதியவர்களுக்கான சாதனங்களை ஆராயும் பல்கலைக்கழகப் பெண். நடைவண்டியை அவரிடம் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு வாரமாக மார்க் கேட்டு எழுதிக்கொண்டு போகிறவள்.

"பெரியப்பா, சேதி தெரியுமா? வண்டியை வச்சிருக்கிற பதினெட்டு பேரும் அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கீங்க! எங்க புரொபசர் அசந்துட்டாங்க. ஒரு திருகாணிகூட மாத்த வேணாமாம். இதே மாதிரி இருநூறு வண்டி செய்யப் போறோம்!"

"இன்னிக்குக் காலையில இந்த வண்டி..." என்று ஆரம்பித்தாள் புப்பா.

"உன் குழம்பு பொங்குது பாரு, போ" என்று அவளை விரட்டினார் சவேங்.

ஒராபின் கடைசி மார்க் தாளைக் கையெழுத்துக்கு நீட்டினாள். சவேங் பேனாவை வாங்கினார். இரண்டு பஸ் மாறி, வேர்க்க விறுவிறுக்க வருகிற பெண். வரும்போதெல்லாம் பலாச்சுளை வாங்கி வருகிற பெண். அவள் முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கு நாக்கு எழும்? மற்றப் பதினேழு பேருக்கும் எழுந்திருக்காது. இந்த ஊரில் யாரும் அப்படிச் சொல்லிவிட மாட்டார்கள். கையெழுத்துப் போட்டால் அவள் சிரித்துக்கொண்டே போவாள். வண்டியும் இப்படியே நின்றுவிடும், சரிவுக்கு இந்தப் பக்கம்.

"பேனா எழுதலையா பெரியப்பா?"

அக்கரையைப் பார்த்தார். கொடி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. பேனாவை மூடி அவள் கையிலேயே வைத்தார்.

"கோவிச்சுக்காதம்மா. அந்த அஞ்சு மார்க்கும் உனக்குப் போட்டது. இந்த வண்டி என்னை ஒருநாள்கூடப் படகுல ஏத்தினதில்ல."